மரத்தில் பூத்த நீலப் பூ: ஜப்பானிய மலர் அச்சை வீட்டில் முதல்முறை செய்பவர்களுக்கு

ஜப்பானிய ஓவியர் ஹோகுசாய் வரைந்து, மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த பூக்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதை நம்மால் செய்ய முடியுமா?" என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடியும். அச்சு இயந்திரம் வேண்டாம், எண்ணெய் மை வேண்டாம், ஒரு சாப்பாட்டு மேசையும் ஒரு கிண்ணம் தண்ணீரும் சில வாரங்கள் பொறுமையும் இருந்தால் போதும். ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தொடங்கியபோது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை: உளி பிடிப்பதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள், ஆனால் படம் கெடுவது பெரும்பாலும் ஈரத்தால். காகிதம் எவ்வளவு நனைந்திருக்கிறது, கட்டை எவ்வளவு நனைந்திருக்கிறது, பிரஷில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, இந்த மூன்றும் கைக்குப் பிடிபட்டுவிட்டால் சுமாராகச் செதுக்கிய கட்டைகூட நல்ல படம் தரும்.

நாம் செய்யப்போவது ஒரே ஒரு மார்னிங் குளோரிப் பூ, இரண்டு இலை, ஒரு சுருள்கொடி. அளவு 10 × 15 செ.மீ., அதாவது ஒரு தபால் அட்டை அளவு. மூன்று அச்சு முகங்கள், அதாவது பலகையில் செதுக்கிய மூன்று பக்கங்கள்: கோடு ஒன்று, நீலம் ஒன்று, பச்சை ஒன்று.

முதலில் ஒரு வாரம் பாருங்கள்

பூவும் பறவையும் பூச்சியும் வருகிற இந்த வகைப் படத்துக்கு ஜப்பானில் கச்சோகா என்று பெயர். ஹோகுசாய் 1833, 34 வாக்கில், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, பத்துப் படங்கள் கொண்ட ஒரு மலர் வரிசையைச் செய்தார். இப்போது 'பெரிய பூக்கள்' என்று அழைக்கப்படுவது அதுதான். ஓபான் என்ற அளவு, ஏறக்குறைய 25 × 37 செ.மீ. அதில் பியோனியும் வண்ணத்துப்பூச்சியும் இருக்கிறது, காற்றில் ஒரே பக்கமாக வளைந்து நிற்கும் பாப்பிப் பூக்கள் இருக்கின்றன, ஹைட்ரேஞ்சியாவும் தகைவிலானும் இருக்கின்றன, நமக்கு வேண்டிய மார்னிங் குளோரியும் இருக்கிறது. அந்தப் படத்தில் இலைகளுக்கு நடுவே இலை நிறத்திலேயே ஒரு மரத்தவளை உட்கார்ந்திருக்கும். தேடிக் கண்டுபிடியுங்கள், தேடும்போதே இலைகள் எப்படி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது கண்ணில் படும். ஹோகுசாய் சிறுவயதில் கட்டை செதுக்குபவரிடம் வேலை கற்றவர், எந்தக் கோட்டை மரத்தில் வெட்ட முடியும், எதை வெட்ட முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் பூக்களைப் பார்த்து நான் கற்றதில் பாதி அதுதான்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் சிகாகோ கலைக்கழகமும் பழைய அச்சோவியங்கள் பலவற்றைப் பெரிய அளவில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளத் தருகின்றன. இறக்கியதும் முழுப் படத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் ஒரே ஒரு இதழின் ஓரத்தைப் பெரிதாக்குங்கள். மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்: கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது, நிறம் எந்தப் பக்கம் அடர்ந்து எந்தப் பக்கம் கரைகிறது, தட்டையான நிறப் பரப்பில் மரத்தின் ரேகை தெரிகிறதா. அப்புறம் இன்னொரு ஜப்பானிய ஓவியரான ஹிரோஷிகே 1857இல் செய்த காமெய்தோ பிளம் தோட்டத்தையும் பாருங்கள், மரக்கிளை கண்ணுக்கு முன்னால் பெரிதாகக் குறுக்கே போகும், பின்னால் வானம் சிவந்து கரையும். வான்கோ 1887இல் அதை எண்ணெய் வண்ணத்தில் நகலெடுத்தார். இன்னும் மென்மையான கை வேண்டுமென்றால் 1877 முதல் 1945 வரை வாழ்ந்த ஓவியர் ஓஹாரா கோசனைப் பாருங்கள், புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அவரைத்தான், ஏனென்றால் அவருடைய பல படங்களில் ஒரு கொம்பு, ஒரு பூ, ஒரு பறவை, மிச்சமெல்லாம் வெறும் வெளி.

மார்னிங் குளோரியை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஜப்பானியத்தில் அதன் பெயர் அசகாவோ, 'காலை முகம்' என்று பொருள். எதோ காலத்தில், அதாவது இன்றைய தோக்கியோ எதோ என்று அழைக்கப்பட்ட காலத்தில், 19ஆம் நூற்றாண்டில் அதன் விசித்திர வகைகளை வளர்க்கும் மோகம் மக்களைப் பிடித்து ஆட்டியது. இன்றும் தோக்கியோவின் இரியா பகுதியில் ஜூலை 6 முதல் 8 வரை அசகாவோச் சந்தை கூடுகிறது. ஆனால் தொடங்குபவருக்கு முக்கியமான காரணம் வேறு: புனல் போன்ற ஒரே வடிவம், ஓரத்தில் அடர் நீலம், தொண்டையில் வெள்ளை. ஒரே கட்டையில் நிறம் கரைவதைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பூ கிடையாது.

பொருட்கள்

பழைய பட்டறைகளில் மலைச்செர்ரி மரம்தான். அது கடினம், ஒரு மயிரிழைக் கோட்டையும் உடையாமல் தாங்கும். நமக்கு அது வேண்டாம். ஜப்பானில் பழகுபவர்களே ஷினா என்ற மென்மரப் பிளைவுட்டில்தான் தொடங்குகிறார்கள். அது கிடைக்காவிட்டால் முடிச்சு இல்லாத, ரேகை நெருக்கமான, மேல்தாள் உரியாத எந்தப் பிளைவுட்டும் சரி. நகத்தால் அழுத்தினால் லேசாகப் பதிய வேண்டும், நார் நாராகப் பிய்யக் கூடாது. 17 × 22 செ.மீ. அளவில் இரண்டு பலகை வாங்குங்கள், இரு பக்கமும் செதுக்கலாம். லினோலியம் வேண்டாம், தண்ணீர் வண்ணம் அதில் திரண்டு நிற்கும். எம்.டி.எப். பலகையும் வேண்டாம், தண்ணீர் பட்டால் ஊதிவிடும்.

வெட்ட ஒரு சாய்முனைக் கத்தி, ஒரு 'யு' உளி, ஒரு சின்னத் தட்டை உளி. இருபது உளி உள்ள பெட்டியை வாங்குவதைவிட இந்த மூன்றை வாங்கி மிச்சப் பணத்தில் நல்ல சாணைக்கல் வாங்குவது மேல். மழுங்கிய கத்திதான் கையைக் கிழிக்கும், கூரான கத்தி மரத்தோடு போகும்.

வண்ணம் பூசக் குதிரைமயிர் ஷூ பிரஷ் போதும். ஜப்பானியப் பட்டறைகளில் பிரஷின் மயிர்நுனியைச் சுட்டு, சுறாத்தோலில் தேய்த்துப் பிளந்து மென்மையாக்குவார்கள். நீங்கள் நைசான உப்புத்தாளில் தேய்த்துக்கொள்ளலாம். நிறத்துக்கு ஒன்று, கோட்டுக்கு ஒன்று.

தேய்க்கும் வட்டுக்கு பாரென் என்று பெயர். உண்மையான பாரெனுக்குள் மூங்கில் மடலைக் கிழித்துத் திரித்த கயிறு சுருளாக இருக்கும், வெளியே முழு மூங்கில் மடல் போர்த்தியிருக்கும். அதைச் செய்வதே தனித் தொழில். பழகுவதற்கு மலிவான பாரென்கள் கிடைக்கின்றன. அதுவும் இல்லையென்றால் மரக்கரண்டியின் முதுகு.

வண்ணம்: டியூபில் வரும் வாட்டர்கலர் அல்லது குவாஷ் (அடிநிறத்தை மறைக்கும் தடித்த வாட்டர்கலர்). நீலத்துக்குப் பிரஷ்யன் புளூ கேட்டு வாங்குங்கள். ஜப்பானியர்கள் பெர்லின் பெயரால் பெரோ-ஐ என்று சொன்ன நீலம் இது, 1830ஐ ஒட்டி அச்சுக்காரர்கள் கையில் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த ஆழமான நீலப் படங்கள் வந்தன. அதற்கு முன்னால் சூயுகுசா என்ற பூவின் சாற்றில் எடுத்த நீலம் பயன்பட்டது, அது வெளிச்சத்தையும் ஈரத்தையும் தாங்காது. பழைய படங்கள் பலவற்றில் அந்த நீலம் மங்கி ஒருவிதப் பழுப்பாகிக் கிடக்கிறது.

பசை: அரிசி மாவு ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு, கட்டியில்லாமல் கரைத்துச் சிறு தீயில் கிளறுங்கள். வெண்மை போய்க் கண்ணாடி போல ஆனதும் இறக்கி ஆறவிடுங்கள். இது நம் சமையலறைக்குப் புதிதல்ல. பசை இல்லாமல் அச்சடித்தால் நிறம் திட்டுத்திட்டாக விழும், பசைதான் அதைச் சமமாகப் பரப்புகிறது.

காகிதம்: கோஸோ என்ற காகித மல்பெரி நாரில் செய்த வாஷி, அதாவது ஜப்பானியக் காகிதம். இதில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள். வாங்கும்போது 'சைசிங்' செய்ததா என்று கேளுங்கள், விலங்குப் பசையும் படிகாரமும் கலந்து பூசிய தாள் அது. செய்யாத தாளில் வண்ணம் பிளாட்டிங் பேப்பரில் போல ஊறிப் பரவும், நாரும் கிளம்பும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பருத்திக் கைவினைத் தாளில் வழவழப்பானதைத் தேர்ந்தெடுத்துப் பழகலாம், ஆனால் அது தடிமன், கோடு அவ்வளவு கூராக வராது. தாளை 13 × 18 செ.மீ. அளவில் பத்து வெட்டுங்கள். எல்லாவற்றிலும் ஒரு மூலை துல்லியமான செங்கோணமாக இருக்க வேண்டும், அந்த மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள்.

வரைவதும் ஒட்டுவதும்

மெல்லிய தாளில் பூவை மையால் வரையுங்கள். கோடுகள் 1 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். இதழுக்குள் நரம்பு நரம்பாக வரைய ஆசை வரும், ஐந்து கோட்டுக்கு மேல் வேண்டாம். சட்டத்துக்கு வெளியே, உங்கள் கட்டையின் வலது கீழ் மூலையில் வருமாறு (தாளை முகம் கீழாக ஒட்டுவதால் வரையும்போது அது இடது கீழ் மூலை) 'ட' போன்ற ஒரு மூலைக்குறியும், அதே கீழ்ப்பக்கத்தில் இடது புறமாக ஒரு நேர்க்குறியும் சேர்த்து வரையுங்கள். இவைதான் கென்தோ. தாளின் மூலை ஒன்றில் உட்காரும், தாளின் விளிம்பு இன்னொன்றில் உட்காரும், எத்தனை கட்டையாக இருந்தாலும் ஒவ்வொரு நிறமும் தன் இடத்தில் விழும். அந்தச் சொல்லுக்கு ஜப்பானியத்தில் கணிப்பு, உத்தேசம் என்றும் பொருள் உண்டு. 1765இல் ஓவியர் ஹருநோபு காலத்தில் பல நிறப் படங்கள் பெருகியதற்கு இந்த இரண்டு சின்ன வெட்டுகள் இல்லாமல் வழியே இல்லை.

வரைந்த தாளை முகம் கீழாகக் கட்டையில் ஒட்டுங்கள். பசை மெல்லியதாக, சமமாக. அரைகுறையாகக் காய்ந்ததும் விரலை லேசாக நனைத்து முதுகுப் பக்கத்தைத் தேய்த்தால் தாள் நூல் நூலாகச் சுருண்டு வரும். கோடு தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும், இன்னும் கொஞ்சம் என்று தேய்த்தால் கோடும் போய்விடும்.

செதுக்குவது

முதல் நாள் பூவைத் தொடாதீர்கள். பலகையின் ஓரத்தில் பத்து வளைகோடு வெட்டிப் பழகுங்கள்.

கத்தியின் முனை கோட்டுக்கு வெளிப்புறமாகப் போகும்படி சாய்த்துப் பிடித்து உங்களை நோக்கி இழுக்க வேண்டும். கோட்டின் அடிப்பகுதி அகன்றிருக்க வேண்டும், வயல் வரப்பு மாதிரி. நேர்க்குத்தாக வெட்டினால் அந்தக் கோடு மூன்றாவது அச்சில் உடைந்து விழும். கோட்டின் இருபுறமும் கத்தி போன பிறகு, சற்றுத் தள்ளி எதிர்ச்சாய்வாக ஒரு வெட்டு. நடுவில் உள்ள மரம் ஒரு சுருளாக எழுந்து வரும். மீதியை 'யு' உளியால் சுத்தம் செய்யுங்கள். அகலமான வெற்றிடங்களை ஆழமாக எடுக்க வேண்டும், 3 மி.மீ. இருக்கட்டும், இல்லாவிட்டால் ஈரத்தாள் தொய்ந்து அடியில் இருக்கும் நிறத்தைத் தொட்டுவிடும். இடது கை எப்போதும் உளிக்குப் பின்னால். இதை எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

கோட்டுக்கட்டை முடிந்ததும் கென்தோக் குறிகளை இன்னும் பள்ளமாக வெட்டாமல், கோடு போல மேடாகவே விட்டு, அவற்றையும் சேர்த்து இரண்டு மெல்லிய உலர்ந்த தாள்களில் கறுப்பு மையால் அச்சடியுங்கள். அந்தத் தாள்களை முகம் கீழாக மற்ற இரண்டு முகங்களில் ஒட்டினால், பூவின் கோடும் கென்தோவும் அப்படியே அங்கே வந்துவிடும். ஒன்றில் பூவின் நீலப் பரப்பை மட்டும் விட்டு மிச்சத்தை எடுங்கள், இன்னொன்றில் இலைகளை மட்டும் விடுங்கள். நிறப்பரப்பு கோட்டின் நடுவரை போக வேண்டும், உள்விளிம்போடு நிறுத்தினால் வெள்ளை இடுக்கு தெரியும். கடைசியாக மூன்று முகங்களிலும் கென்தோவைத் தட்டை உளியால் அரை மி.மீ. அளவுக்குப் பள்ளமாக வெட்டுங்கள்.

ஈரம்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

அச்சடிப்பதற்கு முந்தின நாள் மாலை, எதுவும் அச்சிடாத நியூஸ்பிரின்ட் தாள்களை எடுத்து அகலப் பிரஷால் தண்ணீர் பூசுங்கள். ஒரு ஈரத்தாள், அதன்மேல் இரண்டு வாஷி, மறுபடி ஒரு ஈரத்தாள், மறுபடி இரண்டு வாஷி, இப்படி அடுக்குங்கள். வாஷியின் மேல் நேராகத் தண்ணீர் தெளிக்கக் கூடாது. அடுக்கு முழுவதையும் பாலிதீன் பையில் சுற்றி மேலே ஒரு பலகையும் இரண்டு தடிமனான புத்தகங்களும் வைத்துவிடுங்கள். இராத்திரி முழுக்க ஈரம் தானாகவே எல்லாத் தாளுக்கும் சமமாகப் பரவும்.

காலையில் ஒரு தாளை எடுத்துக் கன்னத்தில் வையுங்கள். குளிர்ச்சி தெரிய வேண்டும், கன்னம் நனையக் கூடாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பளபளப்பு இருக்கக் கூடாது. பருத்தி வேட்டிக்கு இஸ்திரி போடுமுன் தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைப்போமே, அவிழ்க்கும்போது அது எப்படித் தொய்வாக, சில்லென்று, ஆனால் சொட்டாமல் இருக்குமோ, அந்தப் பதம். அதிகமாக நனைந்திருந்தால் உலர்ந்த நியூஸ்பிரின்டுக்கு நடுவே அரை மணி நேரம் வைத்தால் சரியாகிவிடும்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஈரம் பட்ட தாள் விரிகிறது, காயும்போது சுருங்குகிறது. என் முதல் பூவுக்குக் கோட்டை ஒரு சனிக்கிழமை அச்சடித்துவிட்டு நீலத்தை மறுநாள் அச்சடித்தேன். நடுவில் தாள் காய்ந்துவிட்டது. நீலம் கோட்டைத் தாண்டி 1 மி.மீ. வெளியே வழிந்தது, எல்லாத் தாளிலும் அதே மாதிரி. கென்தோ தவறு என்று நினைத்து அதை வெட்டித் திருத்தினேன், அடுத்த முறை சரியான ஈரத்தில் அடித்தபோது அந்தத் திருத்தம்தான் தவறாகிப் போனது. மூன்று வாரச் செதுக்கல் அது. ஆகவே எல்லா நிறத்தையும் ஒரே நாளில் முடியுங்கள், ஒவ்வொரு தாளும் அச்சு வாங்கியதும் திரும்ப ஈர அடுக்குக்குள்ளேயே போகட்டும், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

அச்சடிப்பது

கட்டையை ஈரத்துணியால் துடைத்து ஐந்து நிமிடம் விடுங்கள், காய்ந்த மரம் முதல் வண்ணத்தை அப்படியே குடித்துவிடும். கோட்டுக்கட்டை முதலில். அடர்ந்த கறுப்பு வேண்டாம், கறுப்பில் கொஞ்சம் நீலம் கலந்த சாம்பல் பூவுக்கு அழகாக இருக்கும். கட்டையில் இரண்டு மூன்று சொட்டு வண்ணம், ஒரு கொண்டைக்கடலை அளவு பசை, பிரஷால் வட்டமாகத் தேய்த்துக் கலந்து, கடைசியில் ஒரே திசையில் லேசாக இழுங்கள். சரியான அளவில் கட்டை வெல்வெட் போல மங்கலாகத் தெரியும். குட்டையாகத் தேங்கிப் பளபளத்தால் அதிகம்.

தாளின் புள்ளி வைத்த மூலையை வலது கையால் மூலைக்குறியில் உட்காரவையுங்கள், இடது கையால் விளிம்பை நேர்க்குறியில் சேர்த்து மெல்ல விடுங்கள். மேலே ஒரு பேக்கிங் பேப்பர் (கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் தாள்) வைத்துப் பாரெனால் தேய்க்க வேண்டும். உள்ளங்கையின் அடிப்பகுதியிலிருந்து எடை வர வேண்டும், தோளோடு சேர்ந்து இறங்க வேண்டும், விரலால் அழுத்தினால் வரி வரியாக விழும். தாளை மூலையிலிருந்து உரித்தெடுக்கும்போது ஒரு மெல்லிய சத்தம் கேட்கும், ஈர இலையைப் பாறையிலிருந்து பிரிப்பது மாதிரி. அந்தச் சத்தம் கேட்டால் ஈரம் சரியாக இருக்கிறது. முதல் இரண்டு மூன்று அச்சு வெளிறித்தான் வரும், கட்டை வண்ணத்துக்குப் பழகிக்கொண்டிருக்கிறது. அதற்காகத்தான் பத்துத் தாள்.

பச்சை எளிது, அடித்துவிடுங்கள். பச்சையில் ஒரு துளி கறுப்பு சேர்த்தால் இலை பூவுக்குப் பின்னால் அடங்கி நிற்கும்.

நீலம் கடைசியில். நிறத்தைக் கரைக்கும் இந்த உத்திக்கு பொகாஷி என்று பெயர். பூவின் பரப்பை முதலில் ஈரத்துணியால் தொண்டைப் பக்கத்தில் நன்றாக நனையுங்கள், ஓரம் லேசான ஈரத்தோடு இருக்கட்டும். பிரஷின் ஒரு மூலையில் மட்டும் பிரஷ்யன் நீலத்தைத் தொட்டு, நீலமுள்ள மூலை இதழின் வெளி ஓரத்திலும் வெறும் மூலை தொண்டைப் பக்கத்திலும் இருக்கும்படி வைத்து, பூவின் வளைவைச் சுற்றி இழுங்கள். மறுபடி ஒரு முறை. தண்ணீரும் நீலமும் சந்திக்கும் இடத்தில் எல்லையே இல்லாமல் நிறம் கரைய வேண்டும். உடனே தாளை வையுங்கள், யோசித்துக்கொண்டு நின்றால் ஓடிக் கலந்துவிடும். ஒரே முறையில் ஆழம் வராது, அதே தாளில் இரண்டாம் முறையும் அடியுங்கள், முதல் முறை ஓரத்திலிருந்து பாதிவரை, இரண்டாம் முறை ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலம். எதோ காலத்துப் படங்களில் தெரியும் ஆழமும் பல இடங்களில் இப்படி மேலே மேலே அடித்து வந்ததுதான். ஒவ்வொரு தாளிலும் கரைவு வேறு மாதிரி விழும். அதைப் பிழையாக நினைக்காதீர்கள், கொடியிலும் ஒரு பூ மாதிரி இன்னொன்று இருப்பதில்லை.

எங்கே தவறியது என்று பார்ப்பது

எள்ளைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் ஈரமோ பசையோ அழுத்தமோ போதவில்லை. இதற்கு ஜப்பானில் எள் அச்சு என்றே பெயர், சிலர் வேண்டுமென்றே செய்வார்கள், உங்களுக்கும் பிடித்திருந்தால் விட்டுவிடுங்கள். கோட்டின் ஓரத்தில் நிறம் விளிம்பு கட்டினால் வண்ணம் அதிகம். கோடு மொத்தமாக ஊறியிருந்தால் தாள் அதிகம் நனைந்திருக்கிறது அல்லது சைசிங் இல்லை. தாள் நடுவில் காயாமல் இருந்தும் நிறம் எல்லாத் தாளிலும் ஒரே திசையில் விலகினால் கென்தோ, தாளுக்குத் தாள் வேறு மாதிரி விலகினால் ஈரம் அல்லது கை. தாளின் மேல் நார் கிளம்பினால் அழுத்தித் தேய்ப்பதைக் குறைத்துப் பேக்கிங் பேப்பரை மாற்றுங்கள்.

முடிந்த பிறகு

படங்களைக் கொடியில் மாட்டிக் காயவைக்க வேண்டாம், வளைந்துவிடும். உலர்ந்த தாள்களுக்கு நடுவே வைத்துப் பலகையால் அழுத்துங்கள், சில மணி நேரத்துக்கு ஒருமுறை நடுத்தாள்களை மாற்றுங்கள், இரண்டு நாளில் தட்டையாகிவிடும். சுவரில் மாட்டினால் வெயில் நேராகப் படாத இடம். கட்டைகளைத் தண்ணீரில் ஊறவைக்காமல் ஈரத்துணியால் துடைத்து நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள், படுக்கவைத்தால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து வளையும்.

அடுத்த படத்துக்கு வெள்ளைத் தாமரையோ வெள்ளைச் சாமந்தியோ எடுங்கள். வெள்ளை இதழுக்கு நிறமே பூசாமல், செதுக்கிய கட்டையில் ஈரத்தாளை வைத்து அழுத்தித் தேய்த்தால் இதழ் புடைப்பாக எழும்பி நிற்கும், கராஸுரி என்பார்கள். சாய்வான வெளிச்சத்தில்தான் அந்தப் பூ தெரியும்.

மீந்துபோன ஈரத்தாள்களை அப்படியே விட்டால் நம் வெப்பத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும், அரிசிப் பசையும் புளித்துவிடும். பசையை மூடி குளிர்பெட்டியில் வையுங்கள், மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். தாள் அடுக்கை பாலிதீனோடு ப்ரீசரில் வைத்துவிடலாம். அடுத்த சனிக்கிழமை காலையில் எடுத்து வெளியே வைத்தால், மதியத்துக்குள் கன்னத்தில் வைத்துப் பார்க்கும் பதத்துக்கு வந்துவிடும்.